தொப்பி தூக்கியவர்

வலது கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொன்னேன். தோள் மட்டம் வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று தலையாட்டினார். ஆனால் தாடை இறுகியிருந்தது. 86 வயது. வராந்தாப் படியில் கால் இடறி விழுந்து, தோளுக்குக் கீழே மேல்கை எலும்பு முறிந்து, 6 வாரம் கழுத்தோடு கட்டிப்போட்டிருந்த கை அது. கோணமானியை வைத்து அளந்து 95 டிகிரி என்று எழுதிக்கொண்டேன். அடுத்த வாரமும் அதே 95.

மூன்றாவது வாரம் அவரே வழி சொன்னார். "அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு தொப்பி தொங்குது பார், எடுத்துக் கொடு தம்பி." அவர் சொன்னது 'சன்'. நம் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் வரும் 'தம்பி'க்கு அந்த ஊரில் அதுதான். எடுத்துக் கொடுத்தேன். விளிம்பெல்லாம் வியர்வை உப்பேறிய பழைய கம்பளித் தொப்பி. அதை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தூக்கினார். கை காதைத் தாண்டிப் போனது. நான் அவசரமாகக் கோணமானியைத் தேடினேன்.

"வெறுங்கையைத் தூக்கி எனக்குப் பழக்கமில்லை" என்றார்.

அதன் பிறகு எங்கள் பயிற்சி முழுக்க தொப்பியோடுதான் நடந்தது. ஒரு சுற்றுக்கு 10 தடவை, மூன்று சுற்று. சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் ஓய்வு. அந்த ஓய்வு நேரங்களில் அவர் சொன்னதும், அவர் வீட்டுக் கொல்லையில் நான் பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை.

ஜார்ஜியா மாநிலத்தின் தென்கோடியில், ஃபுளோரிடா எல்லையை ஒட்டி, தாமஸ்வில் என்று ஒரு ஊர். வீடு வீடாகப் போய்ச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்டாக அந்தப் பக்கத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். பறவை நாய் வளர்ப்பவர்கள் மத்தியில் இந்தப் பெரியவரைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து பேசுவார்கள். அவர் கை பட்ட நாயா என்று கேட்டு நாய் வாங்கிய காலம் ஒன்று அங்கே இருந்திருக்கிறது. அவர் பெயரை இணையத்தில் போட வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள். பெயர் விட்டுப்போன ஒரு மனிதரைப் பற்றி நானும் பெயரில்லாமல் எழுதுவது மனதை உறுத்துகிறது. ஆனால் அவர்கள் பேச்சை மீற முடியாது. பெரியவர் என்றே எழுதுகிறேன். நேரில் நான் அவரை 'சார்' என்றுதான் கூப்பிட்டேன். அந்த வார்த்தையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பறவை நாய் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். வேட்டை நாய் என்றதும் நமக்கு ஓட்டம்தான் ஞாபகம் வரும். சிப்பிப்பாறையும் கன்னியும் முயலை விரட்டிப் பிடிப்பதற்கென்றே வந்த உடம்புகள். பறவை நாயின் பெருமை ஓட்டத்தில் பாதி, நிற்பதில் மீதி. பாயிண்ட்டர், இங்கிலீஷ் செட்டர் என்ற இரண்டு இனங்கள்தான் அங்கே பிரதானம். காட்டில் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நாய், காற்றில் காடையின் வாசனை பட்ட நொடியில் அப்படியே சிலையாகிவிட வேண்டும். அந்த நிற்பதற்குப் பெயர்தான் பாயிண்ட். பாயக் கூடாது, குரைக்கக் கூடாது, ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது. பின்னால் வரும் ஆள் நடந்துபோய்ப் பறவையைக் கிளப்பும் வரை நிற்க வேண்டும். பறவை சடசடவென்று எழும்பும்போதும் நிற்க வேண்டும், துப்பாக்கி வெடித்த பிறகும் நிற்க வேண்டும். கூட ஓடும் இன்னொரு நாய், இது நிற்பதைப் பார்த்தாலே போதும், தனக்கு வாசனை வராவிட்டாலும் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். முன்னால் நிற்பவனுக்குக் கொடுக்கும் மரியாதை என்றே இதைச் சொல்வார்கள்.

அங்கே இருப்பது பாப்ஒயிட் என்ற காடை. ஆண் பறவை தன் பெயரையே சீட்டியடிக்கும். கையில் எடுத்தால் 170 கிராம் இருக்கும். பத்துப் பன்னிரண்டு பறவைகள் கூட்டமாகத் திரியும். இரவில் தரையில் வட்டமாக, வால்கள் நடுவிலும் தலைகள் வெளியிலுமாக ஒட்டிப் படுத்துக்கொள்ளும். குளிருக்கு அது கணப்பு. ஆபத்து என்றால் ஒவ்வொன்றும் தன் தலை இருக்கும் திசையில் பறந்துவிடலாம்.

இந்தக் காடைக்காகத்தான் வடக்கேயிருந்து பணக்காரர்கள் தாமஸ்வில்லுக்கு வந்தார்கள். ரயில் வசதி இருந்த ஊர் அது, 1880களில் குளிருக்குத் தப்பி வந்து தங்கினார்கள். பிறகு பழைய பருத்தித் தோட்டங்களை வாங்கி வேட்டைப் பண்ணைகளாக வைத்துக்கொண்டார்கள். தாமஸ்வில்லிலிருந்து டல்லஹாசி வரை விரியும் அந்தச் செம்மண் மேட்டு நிலத்தை ரெட் ஹில்ஸ் என்பார்கள். அதில் ஏறத்தாழ 3 லட்சம் ஏக்கர் இன்றைக்கும் வேட்டை நிலமாகவே இருக்கிறது. நீண்ட ஊசி இலைப் பைன் மரங்கள், கீழே முட்டளவுப் புல், நடுவில் வெளிச்சம். இந்தக் காடு அப்படியே நிற்பதற்குக் காரணம் தீ. காடைக்கு ஓடியாட வெறும் தரை வேண்டும், குஞ்சுகளுக்குப் பூச்சி வேண்டும், ஒளிய மேலே கொஞ்சம் மறைப்பும் வேண்டும். பிப்ரவரிக் கடைசியில் வேட்டைக் காலம் முடிந்ததும் அளவாகத் தீ வைத்தால்தான் இது மூன்றும் கிடைக்கும்.

1924இல் ஹெர்பர்ட் ஸ்டாடர்ட் என்பவர் இங்கே வந்து காடையைப் பல வருடம் ஆராய்ந்து, 1931இல் புத்தகமாக எழுதினார். காட்டுத் தீ என்றாலே பாவம் என்று வனத்துறை பிரச்சாரம் செய்துகொண்டிருந்த காலத்தில், தீ இல்லாவிட்டால் காடை இல்லை என்று சொன்னவர் அவர். 1958இல் டால் டிம்பர்ஸ் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியதில் அவருக்கும் பங்கு உண்டு. பெரியவர் இந்தக் கதையை மரியாதையோடு கேட்டுவிட்டு, "எங்க அப்பா அவருக்கு முன்னாலேயே வருஷா வருஷம் தீ வச்சுக்கிட்டுதான் இருந்தார்" என்றார். பிசின் ஊறிய பைன் கட்டையைக் கொளுத்தி எடுத்துக்கொண்டு அப்பா பின்னாலேயே ஓடிய பையன் அவர். தீயின் ஓரத்தில் ஓடினால் எலியும் பாம்பும் எந்தப் பக்கம் போகும் என்று தெரியும், நாயும் அப்படித்தான், முதலில் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கக் கற்றுக்கொள் என்பது அப்பா சொல்லிக்கொடுத்த பாடம்.

பத்து வயதில் நாய்க்கூடம் கழுவும் வேலைக்குச் சேர்ந்தார். பழக்குவதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. கழுவிக்கொண்டே பார்த்தார்.

அந்தக் காலத்தில் நாய் பழக்குவதை ஆங்கிலத்தில் 'உடைப்பது' என்றே சொல்வார்கள். பழக்குபவருக்குப் பெயர் நாய் உடைப்பவர். பெரியவருக்கு அந்த வார்த்தை பிடிக்காது. அவர் முறையில் குட்டிக்கு ஒரு வயது ஆகும் வரை எந்தக் கட்டளையும் கிடையாது. இஷ்டத்துக்கு ஓடட்டும், புதரில் விழட்டும், காடையைக் கண்டால் துரத்தட்டும். "துரத்தாத குட்டியை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுறது? ஆசையே இல்லாத ஒண்ணை நிக்க வைக்கிறதுல என்ன இருக்கு?" மீன் தூண்டிலில் காடைச் சிறகைக் கட்டிக் குட்டி முன்னால் ஆட்டுவது எல்லோரும் செய்யும் வித்தை. எட்டு வாரக் குட்டிகூட அதைப் பார்த்து அழகாக நின்றுவிடும், புகைப்படம் எடுக்கலாம். அவர் அதை ஒருமுறை, இரண்டுமுறைக்கு மேல் செய்ய விடமாட்டார். கண்ணால் நிற்கப் பழகிய நாய் மூக்கை நம்பாது என்பார்.

கட்டளை ஆரம்பமாவது சாப்பாட்டுத் தட்டில். சாயங்காலம் பதினான்கு நாய்களுக்குத் தட்டு வைப்பார். 'வோ' என்று ஒரு வார்த்தை, குதிரையை நிறுத்தச் சொல்வது, அதையே மூச்சுக்காற்றுபோலச் சொல்வார். நாய்கள் நிற்கும். எச்சில் ஒழுகும், நிற்கும். பிறகு ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட, அந்த நாய் மட்டும் தன் தட்டுக்குப் போகும். யாரையும் முதலில் கூப்பிடும் வழக்கம் இல்லை, வரிசை தினமும் மாறும். அவர் குரல் ஏன் இவ்வளவு சின்னது என்று நான் கேட்டதற்கு, காட்டில் கத்தினால் காடைக்கும் கேட்குமே என்றார். அவ்வளவு எளிய காரணம்.

ஒரு வியாழக்கிழமை நான் போனபோது கொல்லையில் பேரன் ஒரு பாயிண்ட்டர் பெட்டைக் குட்டியோடு இருந்தான். வெள்ளை உடம்பில் ஈரல் நிறத் திட்டுகள், ஒரு வயது தாண்டியிருக்கும். சின்னக் கூண்டில் வளர்ப்புக் காடை ஒன்றைப் புல்லுக்குள் மறைத்து வைத்திருந்தார்கள். கழுத்துப்பட்டையில் முப்பதடிக் கயிறு. பெரியவர் நாற்காலியில், மடியில் தொப்பி. குட்டி காற்றுக்கு எதிராக ஓடி வந்து, ஏதோ கண்ணாடியில் முட்டிக்கொண்டதுபோலத் திரும்பி நின்றது. முன்னங்கால் ஒன்று மடங்கி அந்தரத்தில். வால் மேலே. தொடைச் சதை மட்டும் மெல்ல நடுங்கியது. கடைவாய் ஓரத்தில் தோல் உப்பி உப்பி அடங்கியது. வாசனையை மூக்கால் மட்டும் இல்லாமல் வாயாலும் குடிக்கிறது என்று பெரியவர் பிற்பாடு சொன்னார்.

குட்டியின் வால் கொஞ்சம் இறங்கியது. அடுத்து பாயப்போகிறது. பேரன் கயிற்றைச் சுண்டி இழுத்தான்.

"இழுக்காதே. போய் தள்ளு."

பேரன் விழித்தான். எனக்கும் புரியவில்லை. பெரியவர் மறுபடி, பொறுமையாக, "பின்னால போய், இடுப்புல கை வச்சு, பறவை இருக்கிற பக்கமா மெல்லத் தள்ளு" என்றார். தள்ளினான். குட்டி நகங்களை மண்ணில் ஊன்றிக்கொண்டது. உடம்பு முழுக்கப் பின்பக்கமாகச் சாய்ந்து தள்ளும் கைக்கு எதிராக இறுகியது. தொய்ந்த வால் கம்பிபோல எழும்பியது. இழுத்தபோது முன்னால் போகத் துடித்த நாய், தள்ளியபோது போகமாட்டேன் என்று நின்றது. பேரன் வாலை அடியிலிருந்து நுனிவரை ஒருமுறை தடவி மேலே விட்டான். இரண்டு நிமிடம் இருக்கும். யாரும் எதுவும் பேசவில்லை. பெரியவர் அந்தக் குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த விதத்தை நான் கோயிலில் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்குப் பயிற்சி நடக்கவில்லை. கை அளவு எடுக்கவும் மறந்துபோனேன்.

இனி தொப்பிக்கு வருகிறேன். ஃபீல்ட் ட்ரையல் என்று நாய்களுக்கான போட்டிகள் உண்டு. அமெரிக்காவில் முதலாவது 1874இல் டென்னசியில், மெம்பிஸ் பக்கத்தில் நடந்தது. தேசிய சாம்பியன் போட்டி 1896இல் தொடங்கியது, முதலில் ஜெயித்தது கவுண்ட் கிளாட்ஸ்டன் என்ற செட்டர். பல பத்தாண்டுகளாக அது கிராண்ட் ஜங்ஷன் என்ற சின்ன ஊரில், ஏம்ஸ் பண்ணையில் நடக்கிறது. இரண்டு இரண்டு நாயாக விடுவார்கள், ஒரு சுற்று 3 மணி நேரம். நடுவர்கள் குதிரையில் பின்னால் வருவார்கள். மூன்று மணி நேரம் முழு மூச்சாக ஓடி, கடைசி நிமிடத்திலும் முதல் நிமிடம்போல நிமிர்ந்து நிற்கும் நாய்தான் சாம்பியன். மேரி மான்ட்ரோஸ் என்ற பெட்டை 1917, 1919, 1920 என்று மூன்று தடவை ஜெயித்தது. ஏரியல் என்ற பாயிண்ட்டர் 1941, 1943, 1945 ஆகிய வருடங்களில். ஏரியலை ஓட்டியவர் அலபாமாவின் கிளைட் மார்ட்டன், அந்தப் போட்டியை 11 தடவை ஜெயித்தவர். பெரியவர் இளைஞராக இருந்தபோது அவர்கள் வட்டாரத்தில் மார்ட்டன் பெயர் நம் ஊரில் பெரிய நாகஸ்வர வித்வான் பெயர்போல. அவருடைய நாய்களை ஒருமுறையாவது பார்த்துவிட மாட்டோமா என்றிருந்ததாம்.

போட்டியில் நாயோடு வருபவர் ஹேண்ட்லர். அவருக்கு உதவியாக இன்னொருவர் குதிரையில் வருவார், ஸ்கவுட். நாய் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்ப் புதருக்குள் எங்கேயோ பாயிண்ட் நின்றுவிட்டால் யாருக்கும் தெரியாது. கூப்பிட்டாலும் வராது, வரக் கூடாது. அதைத் தேடிக் கண்டுபிடிப்பது ஸ்கவுட்டின் வேலை. கண்டதும் "பாயிண்ட்!" என்று குரல் கொடுத்துத் தொப்பியைக் கழற்றி உயரே தூக்கிப் பிடிப்பார். நாயைத் தொடக் கூடாது. ஹேண்ட்லரும் நடுவர்களும் தொப்பியைப் பார்த்து வந்து சேரும் வரை, கால் மணி நேரம் ஆனாலும் கை இறங்கக் கூடாது. பைன் மரங்களுக்கு நடுவே அந்தத் தொப்பி ஒன்றுதான் அடையாளம்.

நாயைத் தேடிப்போவதில் கண் உபயோகப்படாது என்பார் பெரியவர். நாய் எங்கே போயிருக்கும் என்று நாயாக யோசிக்க வேண்டும். இன்றைக்குக் காற்று இந்தப் பக்கம், பனி இன்னும் காயவில்லை, காடைகள் மேட்டுப் புல்லில் இரை தேடும், இவள் ஓடைக்கரையைப் பிடித்துப் போவாள், வளைவில் மேலே ஏறுவாள். அப்படிக் கணக்குப் போட்டுக் குதிரையைத் திருப்பினால் அங்கே அவள் நிற்பாள். இப்போது நாயின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை மாட்டிக் கையிலிருக்கும் திரையில் பார்க்கிறார்கள். வேட்டையில் அது நல்லது, நாய் தொலையாது என்பதை அவரும் ஒத்துக்கொண்டார். ஆனால் மின்சார அதிர்ச்சி கொடுக்கும் பட்டையைப் பேரன் வாங்கி வந்தபோது, அதைத் தன் கழுத்தில் வைத்துப் பித்தானை அழுத்தச் சொன்னார். பேரன் கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

பெரியவர் கறுப்பினத்தவர். தென் மாநிலங்களின் பண்ணைகளில் நாயைக் குட்டியிலிருந்து வளர்த்துப் பழக்கியவர்கள், கோவேறு கழுதை வண்டி ஓட்டியவர்கள், ஸ்கவுட்டாகப் போனவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். கோப்பையை வாங்கும் ஹேண்ட்லர் பெரும்பாலும் வெள்ளையர். போட்டி முடிவு அச்சாகும்போது நாயின் பெயர், தகப்பன், தாய், உரிமையாளர், ஹேண்ட்லர் என்று வரும். ஸ்கவுட்டுக்கு அதில் இடம் இல்லை. ஒரு பறவை நாயின் வம்சாவளிக் காகிதத்தைப் பார்த்தால் அதன் பாட்டியின் பாட்டிவரை தெரிந்துகொள்ளலாம். அந்த நாயை யார் நிற்க வைத்தது என்பதைத் தெரிந்துகொள்ள முடியாது. எனக்கு இது ஆறவில்லை, இன்றைக்கும் ஆறவில்லை. அவரிடமே கோபமாகக் கேட்டேன். "நாய்க்குத் தெரியும்ல" என்று சொல்லித் தொப்பியை எடுத்து அடுத்த சுற்றுக்குத் தயாரானார்.

அந்தக் காலத்தில் வெள்ளையர்கள் கறுப்பின ஆணை 'மிஸ்டர்' என்றோ 'சார்' என்றோ கூப்பிட மாட்டார்கள். இளவயதில் 'பாய்', தலை நரைத்தால் 'அங்கிள்'. நான் முதல் நாள் பழக்கத்தில் 'சார்' என்றபோது அவர் மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். ஏன் என்று எனக்கு மாதக்கணக்கில் தெரியாது.

கோடையில் தெற்கே வெயில் தாங்காது, நாய் ஓடாது. ஜூலைக் கடைசியில் பழக்குபவர்கள் நாய்களை ஏற்றிக்கொண்டு கனடாவின் புல்வெளிகளுக்குப் போவார்கள், மனிடோபா, சஸ்காட்சுவான் பக்கம். பெரியவரும் பல வருடம் போயிருக்கிறார். 1964இல் இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் வருவதற்கு முன்பு வழியில் அவருக்கு அறை கொடுக்கும் விடுதிகள் குறைவு. முதலாளிகளும் ஹேண்ட்லர்களும் உள்ளே தூங்க, அவர் லாரியில் நாய்களோடு. அதைப் பற்றிக் கேட்டபோது, நாய்கள் பக்கத்தில் இருந்தால் குளிராது என்பதோடு நிறுத்திக்கொண்டார். அதற்கு மேல் கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்று தோன்றியது.

சிறுவயதில் அவர் வீட்டு வாசலில் நின்றாலே விடியற்காலையில் நாலு பக்கமும் காடைக் கூட்டங்கள் கூப்பிடுமாம். அமெரிக்காவில் பறவைக் கணக்கெடுப்பு 1966இல் தொடங்கியதிலிருந்து பாப்ஒயிட் சரிந்துகொண்டே வந்திருக்கிறது, பாதிக்கும் மேலே போய்விட்டது. வேலியோரப் புதர்கள் போயின, சின்ன வயல்கள் பெரிய வயல்களாயின, தீ நின்றது. ஒரு காலத்தில் தெற்கு முழுக்க 9 கோடி ஏக்கர் இருந்த நீள ஊசியிலைப் பைன் காடு துண்டு துண்டாகிவிட்டது. ரெட் ஹில்ஸில் மட்டும் இன்னும் தீ வைக்கிறார்கள், அங்கே காடை இருக்கிறது. பெரியவர் வீட்டிலிருந்து காட்டுக்கு மூன்று மைல். வாசலில் கூப்பிட்ட காடை இப்போது அந்த மூன்று மைலுக்கு அப்பால்.

அவர் தோள் 140 டிகிரிக்கு வந்ததும் என் வருகைகள் முடிந்தன. அதன் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க்கொண்டிருந்தேன். அவர் இறந்து இப்போது சில வருடம் ஆகிறது.

அடக்கம் முடிந்த மறுமாதம் அவர் மகள் கூப்பிட்டிருந்தார். அவருடைய அறைச் சுவரில் ஒரே ஒரு சட்டம் மாட்டியிருக்கும், டாலி என்ற பாயிண்ட்டரின் வம்சாவளிக் காகிதம். பல போட்டிகளில் ஜெயித்த நாய் அது. காகிதத்தில் நான்கு தலைமுறைப் பெயர்கள், உரிமையாளர் பெயர். கண்ணாடி விரிசல் விட்டிருந்ததால் வேறு சட்டம் போட அதை வெளியே எடுத்திருந்தார்கள். "பின்பக்கம் பாருங்க" என்று என் கையில் கொடுத்தார் மகள். இத்தனை வருடம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்த பக்கம்.

பென்சில் எழுத்து. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவரின் பெரிய பெரிய எழுத்துகள், அழுத்தி எழுதியதில் காகிதம் பள்ளம் விழுந்திருந்தது. டாலி பிறந்த நாள். முதல் தடவை தட்டின் முன்னால் நின்ற நாள். முள் குத்திய கால் எது என்று. கனடாவில் காய்ச்சல் வந்து பிழைத்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிதான். எங்கேயும் 'நான்' என்ற வார்த்தை இல்லை, ஒரு இடத்தைத் தவிர. அந்த வரியைக் குறித்துக்கொண்டு வந்தேன்.

"நவம்பர், சனிக்கிழமை. நல்ல பனி. ஓடைக்கு மேலே புல்லில் முதல் பாயிண்ட். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளாகவே நின்றாள்."